குருவம்மாளின் தேனீக்கள் ஏன் வழி மறந்தன?

இப்பள்ளி ஆண்டுவிழாவின் தலைமையை ஏற்றுப் பெருமை சேர்க்கும் பெரியவர் தங்கசாமி அவர்களே! கரிசலை உழுது கரம் காய்த்த பெரியோர்களே! பகலெல்லாம் பருத்தியெடுத்த களைப்போடு பிள்ளையை இடுப்பில் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! பாளையம்பட்டித் தறிச்சத்தத்தில் பிறந்து, வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசி, உங்கள் பள்ளியில் ஒன்பதாண்டுகளாக விஞ்ஞானம் நடத்தும் வெங்கடரமணன் உங்களை வணங்குகிறேன்.

வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். நானோ ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

எழுபத்து நான்காம் ஆண்டை மறந்தீர்களா? மழை பொய்த்தது, மண் வெடித்தது, மரத்தில் பூவில்லை. அதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாரே குருவம்மாள், அவர் ஐந்து பெட்டிகளில் தேனீ வளர்த்து, அருப்புக்கோட்டையில் தேன் விற்று, இரண்டு பெண்களைப் படிக்க வைத்தவர். பூ இல்லாத அந்த ஆண்டில் சீனிப்பாகு கரைத்துக் கரைத்து ஈக்களைக் காப்பாற்றினார். ஆனால் போன ஈ திரும்பவில்லை. திரும்பிய ஒன்றிரண்டும் தன் பெட்டி தெரியாமல் அடுத்த பெட்டிக்குள் நுழைந்து கடிபட்டது.

பக்கத்து நிலம் பால்சாமியுடையது. கிணற்றுத் தண்ணீரில் பருத்தி போட்டு, பூச்சிமருந்தும் அடித்திருந்தார். கேட்கவும் வேண்டுமா?

“இந்த ஆளு மருந்தடிச்சுத்தான் என் பிழைப்பையே கெடுத்தாரு!” என்று ஊர்க்கூட்டத்தில் கொதித்தார் குருவம்மாள். என்னைக் கேட்டார்கள். படித்தவன் அல்லவா நான்? பார்த்தேனா? இல்லை. சோதித்தேனா? இல்லை. “மருந்தாகத்தான் இருக்கும்” என்றேன். அந்த ஒரு சொல்லை நம்பி, பால்சாமியின் பருத்தி எடுக்க ஒருவரும் கூலிக்குப் போகக்கூடாது என்று முடிவானது.

வெடித்த பருத்தி செடியிலேயே தொங்கியது. நான்காம் நாள் பால்சாமி பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். “சார், மருந்து அடிச்சது நெசம். அடிச்சு ஒன்றரை மாசம் ஆச்சு. செத்த ஈயை ஒரு கை அள்ளிக் காட்டுங்க. எம் பருத்தியை நானே கொளுத்திப் போடுறேன்.”

போய்ப் பார்த்தேன். நஞ்சுண்ட ஈக்கள் என்றால் வாசலில் குவியலாகக் கிடக்க வேண்டாமா? கிடக்கவில்லை. அப்போதுதான் என் சொல்லின் மேலேயே எனக்குச் சந்தேகம் பிறந்தது. பெட்டியைத் திறந்து தேனடையைத் தூக்கினேன். பாகு நிறைந்திருந்தது, மகரந்தம் வைக்கும் அறைகள் காலி! பருத்திப் பூவின் மகரந்தமோ ஈயின் காலில் சரியாக ஒட்டாது. சீனி சிறகுக்குத் தெம்பு தரும். குஞ்சு ஈயின் உடம்பை வளர்ப்பது மகரந்தம் அல்லவா? அந்தக் கடுகுத் தலைக்குள்ளும் மூளை உண்டு, நரம்புப் பின்னல் உண்டு. இளம் வயிறு காய்ந்தால் அந்தப் பின்னல் தளர்ந்து, நிறமும் வாசமும் வீட்டு வாசலும் மனத்தில் நில்லாமல் போகுமோ? ஊகம்தான்.

குருவம்மாளிடம் சொன்னேன். “நேத்து மருந்துன்னீக. இன்னைக்கு மூளைங்கிறீக. பால்சாமி வீட்டுல கை நனைச்சிட்டு வாரீகளா சார்?”

சிரிக்காதீர்கள்! கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார்.

சோதித்தே பார்ப்பதென்று முடிவு செய்தோம். ஒரு பெட்டிக்குச் சீனிப்பாகு மட்டும். இன்னொன்றுக்குப் பாகோடு மகரந்தம். மகரந்தத்துக்கு எங்கே போவது? வீரசோழன் ஊர்ப்பக்கம் கிணற்றுப் பாசனத்தில் கம்பு பூத்திருந்தது. தினமும் விடியலில் சைக்கிள் மிதித்துப் போய், கதிரைத் துணியில் உதறி, பொடியைப் பொட்டலமாகக் கொண்டுவந்தவர் யார்? பால்சாமி! பழி சுமந்தவரே சுமந்து வந்தார். அதையும் குருவம்மாள் நம்பவில்லை. பொட்டலத்தை முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே பெட்டியில் போட்டார்.

ஒரு மாதம் கழிந்தது. புதிதாய்ப் பறக்கப் பழகிய ஈக்களில், மகரந்தம் தின்றவற்றுக்கு முதுகில் வெள்ளைப் பொட்டு, தின்னாதவற்றுக்குச் சிவப்புப் பொட்டு. நீலத்தாள் மேல் ஒரு தட்டில் சீனித் தண்ணீர், மஞ்சள்தாள் மேல் ஒரு தட்டில் வெறும் தண்ணீர். இரண்டு நாள் பழக்கினோம். மூன்றாம் நாள் இரண்டு தட்டையும் காலியாகவே வைத்தோம். ஊரே மூச்சடக்கி நின்றது. வெள்ளைப் பொட்டுகள் நீலத்தைத் தேடி வந்தன; சிவப்புப் பொட்டுகள் இங்கும் அங்கும் அலைந்தன.

“இருங்க சார்” என்றார் குருவம்மாள். “இடத்தைப் பழகியிருக்கும்.” தாள்களை அவரே இடம் மாற்றி வைத்தார். வெள்ளைப் பொட்டுகள் வட்டமடித்தன... திரும்பின... மீண்டும் நீலத்தில் இறங்கின!

குருவம்மாள் மடியைக் கட்டிக்கொண்டு நேரே பருத்திக்காட்டில் இறங்கினார்.

“பாதி காத்துல போயிருச்சு, தாயி” என்றார் பால்சாமி.

“மிச்சத்தை எடுப்போம்ணே” என்றார் குருவம்மாள். அவர் பின்னால் ஊர் இறங்கியது. கடைசியாக, வெட்கத்தோடு, நானும் இறங்கினேன். போன பாதி திரும்பியதா? இல்லை ஐயா, திரும்பவில்லை.

சந்தேகப்படாதீர்கள் என்று சொல்ல நான் யார்? சந்தேகப்படுங்கள்! குருவம்மாளைப் போல முகர்ந்து, சுவைத்து, இடம் மாற்றிப் பார்த்துச் சந்தேகப்படுங்கள்!

இன்னொன்று. அன்று முதல் என் வகுப்பில் மந்தமாய் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை “மக்கு” என்று சொல்ல என் நா எழவில்லை. “காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்கிறேன். ஈக்குச் சரியானது பிள்ளைக்கும் அப்படியே சரி என்று சத்தியம் செய்ய மாட்டேன், அதையும் சந்தேகியுங்கள். ஆனால் தாய்மார்களே, நாளை மதியம் பள்ளிக்கு வாருங்கள். மதிய உணவு அண்டாவுக்குள் கரண்டியை விட்டு, அடிவரை துழாவுங்கள். பருப்பு தட்டுப்படுகிறதா? தட்டுப்படவில்லையென்றால் இங்கே அமர்ந்திருக்கும் தலைவரைக் கேளுங்கள், என்னைக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள்!

பொறுத்துக் கேட்ட பெருமக்களுக்கும், எல்லார் முன்னும் தன் கதையை நான் சொல்ல இசைந்த குருவம்மாளுக்கும், இந்த மேடைக்கு வர மறுத்து மரத்தடியில் நிற்கும் பால்சாமி அவர்களுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!