மூணு பக்கத் தையல்

— உட்காருங்க அண்ணே. நீங்க நின்னுக்கிட்டே இருந்தா எனக்குப் பேச வர மாட்டேங்குது.

— இருக்கட்டும் டாக்டரம்மா. நின்னே பழகின காலு. ஆபரேஷன் தியேட்டர்ல தரை துடைக்கிறவனுக்கு நாற்காலி எதுக்கு? மதியத்துக்குள்ள உங்க அறிக்கை போயிடுமாமே. சிஸ்டரை வேலையை விட்டு அனுப்பப் போறாங்களாமே.

— அனுப்புறதும் வைக்கிறதும் மேலிடம் பார்த்துக்கும். நடந்ததை எழுதுறது மட்டும்தான் என் வேலை.

— என்ன நடந்ததுன்னு எழுதியிருக்கீங்க?

— ரத்தம் ஒத்துற காஸ் துணியை சிஸ்டர் தப்பா எண்ணிட்டாங்கன்னு. வேற என்ன எழுத? ஆபரேஷன்ல தப்பு வராம பார்த்துக்கிறது எப்படின்னு நான் இங்கே கத்துக்கொடுக்க வந்த மூணு நாள்ல கடைசி நாள், நானும் அந்த ஆபரேஷன்ல ஓரமா நின்னேன். இருபது துணி எடுத்து வச்சாங்க. தைக்கிறதுக்கு முன்னாடி எண்ணி, இருபதும் இருக்குன்னு நான் கொடுத்த தாள்ல டிக் போட்டாங்க. பத்து நாள் கழிச்சு அந்தப் பொண்ணு வயித்தைத் திரும்பத் திறந்தா, உள்ளே துணி. மறுநாள் செத்துப் போயிட்டா.

— சிஸ்டர் தப்பா எண்ணல. மேசையில இருபதுதான் இருந்துச்சு.

— அப்போ உள்ளே கிடந்தது வானத்துல இருந்து விழுந்துச்சா?

— கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா. அந்தத் துணியைப் பார்த்தீங்களா?

— பார்த்தேன்.

— எத்தனை பக்கம் தையல் இருந்துச்சு?

— தையலா?

— கேட்டுக்கோங்க. பத்துப் பத்தா எண்ணிக் கட்டின பாக்கெட்டெல்லாம் இந்த ஆஸ்பத்திரிக்கு வராது. சுருள் சுருளாத்தான் வரும். நான்தான் வெட்டுறேன். நூல் பிரிஞ்சு ஆளுக்குள்ள தங்கிடக் கூடாதுன்னு நாலு ஓரமும் மடிச்சுத் தைக்கிறதும் நான்தான். பதினாறு வருஷத் தையல், இருட்டுல தடவினாலும் தெரியும். நேத்து அந்தத் துணியைப் பாட்டில்ல போட்டு வச்சிருந்தாங்க. மூணு பக்கம்தான் தையல் இருந்துச்சு. நாலாவது பக்கம் கத்திரி பட்ட ஓரம்.

— பாதித் துணியா?

— பாதிதான். துணி பத்தாத நேரம் ஒண்ணை ரெண்டாக்கிக்கிறது இங்கே வழக்கம். வெட்டினதும் சிஸ்டர் "ரெண்டாச்சு"ன்னு குரல் கொடுப்பாங்க. நான் சுவத்துல மாட்டியிருக்கிற சிலேட்டுல ஒரு கோடு கூட்டிடுவேன். கடைசியில எத்தனை கோடோ அத்தனை துணி இருக்கான்னு எண்ணிப் பார்ப்பாங்க.

— அந்தச் சிலேட்டு...

— தூசி சேரும், கழட்டிடுங்கன்னு சொன்னீங்க. அதுக்குப் பதிலாத்தான் உங்க தாள் வந்துச்சு.

— சொன்னேன். வெட்டுற வழக்கம் எனக்குத் தெரியாது அண்ணே. யாரும் சொல்லல.

— யாரும் கேட்கலையே. சரி, அதை விடுங்க. அன்னைக்குப் பாதியில கரன்ட் போச்சு. ரத்தம் நிக்கல. பெரிய டாக்டர் "சின்னதா குடு, சின்னதா குடு"ன்னு கத்துறார். சிஸ்டர் ஒண்ணை வெட்டி ஒரு பாதியைக் கொடுத்தாங்க. குரல் கொடுக்க மறந்துட்டாங்க. முந்தின நாள் டூட்டிக்கு வந்து வீட்டுக்கே போகாத மனுஷி. எடுத்து வச்சது இருபது, வெட்டினதால இருபத்தொண்ணு. ஒண்ணு உள்ளே தங்குது, வெளியே இருபது. தாளும் சரின்னு சொல்லிடுச்சு.

— இவ்வளவும் உங்களுக்கு எப்படித் தெரியும்?

— கரன்ட் போனா பேட்டரி லைட்டைப் பிடிக்கிறது யாரு? வெளிச்சம் பிடிக்கிறவன் கண்ணுக்குத் தப்பி அந்த மேசையில ஒரு கத்திரி அசையாது டாக்டரம்மா.

— அப்போ, "இருபது, சரியா இருக்கு"ன்னு சிஸ்டர் சொன்னப்ப, அது சரியில்லைன்னு உங்களுக்குத் தெரியும்.

— தெரியும்.

— தெரிஞ்சுமா? மூணு நாள் தொண்டை வத்தக் கத்தினேனே அண்ணே. பெரியவர் சின்னவர்னு பார்க்காதீங்க, யார் கண்ணுல எது பட்டாலும் சொல்லிடுங்கன்னு.

— உங்க வகுப்புக்கு நாற்காலி எல்லாம் எடுத்துப் போட்டுட்டு வாசல்ல நின்னு நானும் கேட்டேன். நல்லாத்தான் சொன்னீங்க.

— ரெண்டு பிள்ளைங்க அந்தச் செத்துப்போன பொண்ணுக்கு.

— தெரியும். மூத்த பொண்ணு நேத்து என்கிட்ட வந்து, எங்க அம்மா செருப்பு எங்கே வச்சிருக்கீங்கன்னு கேட்டா. தேடி எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துல போய் உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருஷத்துல அங்கே நான் அழுதது இல்ல.

— சிஸ்டருக்குச் சொல்லிட்டீங்களா?

— இன்னும் இல்ல. வெட்டினதே அவங்களுக்கு ஞாபகம் இல்ல. "நான் எண்ணினேனே, நான் எண்ணினேனே"ன்னு சுவத்தைப் பார்த்துச் சொல்லிக்கிட்டே இருக்காங்க. அதைப் பார்க்க முடியாமத்தான் உங்ககிட்ட வந்தேன். அவங்க எண்ணினாங்கன்னு எழுதுங்க. அது போதும்.

— எழுதுறேன். பாதித் துணி, சிலேட்டு, எல்லாத்தையும் எழுதுறேன். என் தப்பையும் சேர்த்துத்தான். ஆனா உங்களையும் விட முடியாது அண்ணே. பார்த்தவர் பேசாம நின்னார்னு எழுதித்தான் ஆகணும். உங்க வேலைக்கும் ஆபத்து வரலாம்.

— வந்தா வரட்டும். நம்மளுக்கென்ன, ஒண்டிக்கட்டை. ஆனா பேசாம நின்னேன்னு மட்டும் எழுதாதீங்க.

— பின்னே? நானும் அங்கேதானே இருந்தேன். நீங்க ஒரு வார்த்தை பேசலையே.

— "சிஸ்டர், ஒரு நிமிஷம்"னு வாயைத் திறந்தேன் டாக்டரம்மா. சிஸ்டர் திரும்பல. நீங்கதான் திரும்பினீங்க. எண்ணும்போது யாரும் பேசக் கூடாதுன்னு, மாஸ்க் மேல விரலை வச்சுக் காட்டினீங்க.