வரிசை கலைத்த வாத்தியாரம்மாவுக்கு

கல்விக் கடலே என்றுதான் இந்தப் பணி ஓய்வு வாழ்த்து மடலைத் தொடங்கியிருந்தோம். கடல் தாண்டி வந்த பிள்ளைகளும் முன்னால் உட்கார்ந்து கேட்பார்கள், அந்தச் சொல் வேண்டாம் என்று அடித்துவிட்டீர்கள். கருணை மலையே என்றோம். மலையேறித் தப்பி வந்தவர்களும் இருக்கிறார்கள் என்றீர்கள். ஆகவே, கடலும் மலையுமற்ற, கால் ஆணியோடு காலமெல்லாம் நின்ற எங்கள் அக்காவே, வணக்கம்!

பள்ளியையே பார்த்திராத பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடத்துக்கு முந்தைய பாடம் சொல்லும் கீழறை வகுப்பை இருபத்திரண்டு ஆண்டுகள் ஏந்திய ஏந்தலே! அகதி முகாமில் தண்ணீருக்கும் ரொட்டிக்கும் நின்று பழகிய அவர்கள், நீங்கள் சாக்பீஸை எடுத்தாலே வரிசை கட்டுவார்கள். பார்வையிட வந்த அதிகாரி ஃபைலைத் திறந்தபோது அவர் முன்னும் கட்டினார்கள். இத்தகைய ஒழுக்கத்தை எங்கும் கண்டதில்லை என்று மெய்சிலிர்த்து எழுதிக் கொடுத்தார். நாங்கள் அதைப் பெரிதாக்கி வாசலில் மாட்டினோம். நீங்கள் அன்று முழுக்க எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முண்டியடித்துக் கேள்வி கேட்கும் வகுப்பே உங்கள் கனவு. எங்கள் வகுப்புகளில் அதற்குத் தலைவலி என்று பெயர்.

வருத்தத்தோடு சொல்கிறோம்: உங்கள் இடத்துக்கு ஆள் போடவில்லை. கீழறையை மூடி, எல்லோரையும் வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைப்பதாக நிர்வாகம் முடிவெடுத்தது. பென்சில் பிடிக்கப் பழகி ஒரு மாதம்கூட ஆகாத கீழறைச் சிறுமி ஒருத்தியை, நீங்கள் மன்றாடியும் கேளாமல், வெள்ளோட்டமாக ஏழாம் வகுப்புக்கு ஏற்றினார்கள். பின்னக்கணக்கு நடந்தது. கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன் பின்னால் போய் நின்றவள், மணி அடிக்கும்வரை நின்றாள். கணக்கு வாத்தியார் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இறங்கி வந்து உங்களிடம் சொன்னாள்:

"எனக்கு முன்னாடியே தீந்துபோச்சு டீச்சர்."

"பாடம் தீராது கண்ணு. நாளைக்கு நீ கேட்டா, திரும்பவும் முதல்லேருந்து தருவாங்க."

படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார், உங்கள் வாக்குறுதி தம் தலையில் விழுந்ததை உணர்ந்து, நேரே நிர்வாகத்திடம் போனார். கீழறைக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் பெற்று வந்திருக்கிறார். நீங்கள் நாள் முழுக்கச் செய்ததை, பொறுமைக்குப் பேர்போகாத அவர், ஒரு மணியில் செய்யவேண்டும். அவரே கலங்கிப்போயிருக்கிறார்.

அருந்தமிழில் ஆயிரம் சொல்லலாம். போகாதீர்கள் என்று சொல்லத்தான் விதியில் இடமில்லை. எனவே நீடு வாழ்க! நோயின்றி வாழ்க! கைப்பேசியை அணைத்துவிடாமல் வாழ்க!

உங்கள் பிரிவால் வாடும்,
கணக்கு வாத்தியாரும் மற்ற ஆசிரியர், அலுவலர் அனைவரும்