கண்ணுக்குப் பின்னால் ஓட்டை

“மச்சான், கண்ணுக்குப் பின்னாடி இருந்த ஓட்டைய நான்தான்டா அடைச்சிட்டேன்.”

பொத்தேரியில் மின்சார ரயில் ஏறிய இரண்டு மாணவர்களில் ஒல்லியானவன் சொன்னதைக் கேட்டுத் திரும்பினேன். அவன் மடியிலிருந்த அட்டைப் பெட்டியில், பஞ்சுக்கு நடுவே, கல்லாகிப்போன ஏதோ ஆதிகாலப் பிராணியின் மண்டையோடு.

“எதுல அடைச்ச?”

“பிளாஸ்டர்ல. தோண்டும்போது ஒடஞ்சதுன்னு நெனச்சி பூசிட்டேன்.”

“பெரிய கொத்தனாரு! ஓட்டை ஒண்ணா, ரெண்டா?”

“ஞாபகம் இல்லடா. போட்டோவும் எடுக்கல.”

“இன்னாடா நீ! ஒண்ணுன்னா பாலூட்டிங்க, அதாவது நம்ம பங்காளி. ரெண்டுன்னா பல்லி, முதலைக்குப் பங்காளி. அது தெரியலன்னா இது வெறும் கல்லு.”

“நம்ம புரொபசர் மேடம் இத்தினி வருசம் தேடி கெடச்சது இந்த ஒரே மண்டைதான். அவங்க வூட்டுக்குத்தான் போறேன், சொல்லிடறதுக்கு.”

“சொரண்டி எடேன்.”

“சொரண்டுனா எலும்பும் பேந்துகினு வரும்.”

சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் மற்றவன் அவன் தோளைத் தட்டினான்.

“செங்கல்பட்டுல எங்க அக்கா ஸ்கேன் சென்டர்ல கீது. எலும்பு எது, பிளாஸ்டர் எதுன்னு படத்துல தனியாத் தெரியும். மொதல்ல அங்க போலாம்.”

“பேஷன்ட் பேரு கேட்டா?”

“பேரு வெக்கத்தான் வந்தோம்னு சொல்லு.”

ஒல்லியானவன் சிரிக்கவில்லை. பெட்டியை மார்போடு அணைத்தபடி எழுந்து, “உங்க அக்காவுக்கு இப்பவே போன் போடு” என்றான்.