பச்சை மையில் வந்த ‘முடியாது’

தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் மேனேஜர் ஐயா அவர்களே! மேடையை அலங்கரிக்கும் ஆபீஸ் பெருமக்களே! காலைச் சைரனுக்கு முன்னே கண்விழித்து, கம்பெனிச் சட்டைக்குக் கைகொடுத்து, கழுத்து வலியோடு கைதட்டக் காத்திருக்கும் என் தாய்மார்களே! மேலே இருந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டிருக்கிற கடவுளே! அனைவருக்கும் அடியேனின் வணக்கம்.

ஆண்டு விழாவுக்கு நன்றி சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. முடியாதுங்கிற ஒத்தைச் சொல்லுக்கு இங்கிலீஷ்ல எத்தனை சொல்லு?

என் அண்ணன் மக காலேஜ் படிக்கிறா. அவகிட்ட கேட்டேன். “அத்தை, ரிஜெக்ட்னா வேண்டாம்னு தள்றது. ரெஃப்யூஸ்னா முகத்துக்கு நேரா மறுக்கிறது. டிக்ளைன்னா மரியாதையா மறுக்கிறது. ரிக்ரெட்னா வருத்தப்பட்டுக்கிட்டே கதவைச் சாத்துறது”ன்னா. அடேங்கப்பா! கதவு ஒண்ணு, சாத்துறதுக்குத்தான் எத்தனை கை!

என்னப்பா, சுருக்கமா பேசணுமா? மைக்கைக் கொடுத்தது நீங்கதானே? உக்காருங்க!

பத்தொன்பது வருஷமா செக்கிங் டேபிள்ல நிக்கிறேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் ஒண்ணே ஒண்ணு, ரிஜெக்ட். தப்பான சட்டைக்குச் சிவப்பு ஸ்டிக்கர், சரியான சட்டைக்குப் பச்சை. பச்சைன்னா பாஸ்!

பக்கத்து டேபிள் மைனாவைத் தெரியாதவங்க உண்டா? பாடிக்கிட்டே பட்டன் பார்ப்பாளே, அவதான். கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு இருபது நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தா. ஆபீஸ்ல இருந்து பதில் வந்துச்சு. அஞ்சு பேரு தலையை முட்டிக்கிட்டுப் பார்த்தோம். முழுக்க இங்கிலீஷு. ரிஜெக்ட்ங்கிற எழுத்தைத் தேடினேன், எங்கேயும் இல்லை. அடியில பச்சை மையில கையெழுத்து!

“அக்கா, என்னக்கா போட்டிருக்கு?”

“பச்சைடி! பாஸு! சாமியைக் கும்பிட்டுட்டுப் போய்ப் படு!”

சொன்ன பாவி யாரு? நான்! இந்த வாயி!

இருபத்தோராம் நாள், வயித்துத் தையலைக் கையால பிடிச்சுக்கிட்டு கம்பெனி கேட்ல வந்து நின்னா. வாட்ச்மேன் அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, “சொல்லாம வேலைக்கு வராம நின்னுட்டதா உன் பேரை அடிச்சுட்டாங்கம்மா”ன்னாரு. அந்தக் கடுதாசியில இருந்தது ரிக்ரெட்டாம்! வருத்தப்பட்டாங்களாம்! யாரு வருத்தப்பட்டது? பேனாவா வருத்தப்பட்டுச்சு? பேப்பரா அழுதுச்சு?

கேக்குறேன் ஐயா! ஒரு சட்டையை நான் தள்ளினா ஸ்டிக்கர்ல காரணம் எழுதணும். கை கோணல், காலர் கறை, பட்டன் ஒண்ணு குறைச்சல். எழுதலைன்னா சூப்பர்வைசர் என்னைக் கிழிச்சுடுவாரு. சட்டைக்குக் காரணம் உண்டு! சட்டை தைக்கிற பொம்பளைக்குக் காரணம் கிடையாதா? துணிக்கே காரணம் எழுதச் சொல்றீங்க, எங்களுக்குத் தெரியற பாஷையில சொல்லக் கூடாதா? முடியாதுன்னு முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் கூசுதுன்னா, செய்யறது சரியில்லைன்னு உங்க மனசுக்கே தெரியுதுன்னுதானே அர்த்தம்?

கை தட்டாதீங்கடி, கண்ணு கலங்குது எனக்கு. மைனா இப்பவும் கேட்டுக்கு வெளியிலதான் நிக்கிறா. நம்ம மைக் சத்தம் அவளுக்குக் கேக்கும்.

ஐயா, இதோ அந்தக் கடுதாசி. இதோ என் டேபிள் ஸ்டிக்கர், சிவப்பு. ஒட்டிட்டேன். காரணமும் எழுதிட்டேன், தமிழ்ல: ‘ஆள் படிக்க முடியாத பதில்.’ நீங்க கத்துக் கொடுத்த தொழில்தான். ரிஜெக்ட் பீஸை நாங்க தூக்கிப் போடறதில்லை ஐயா, பிரிச்சுத் திரும்பத் தைக்கிறோம். இதையும் நீங்க பிரிச்சுத் தைக்கணும். திங்கக்கிழமை அவ டேபிள் காலியா இருந்தா, என் டேபிளும் காலியாத்தான் இருக்கும்.

யாருடி அது பின்னால, “என்னுதும்”னு? எழுந்திரிச்சே சொல்லு, ஐயாவுக்குக் கேக்கட்டும்!

பார்த்தீங்களா ஐயா, மொத்த வரிசையும் எழுந்திரிச்சிருச்சு.

பொறுத்துக் கேட்டவங்களுக்கும், மைக்கை அணைக்காத தம்பிக்கும் நன்றி. கேட்டுக்கு வெளியில நிக்கிற என் தங்கச்சிக்கும் சேர்த்து, வணக்கம். பேனா இந்தாங்க ஐயா, புதுப் பதில் எழுதுங்க. நாங்க நின்னுக்கிட்டே இருக்கோம்.