காகிதத்தை இறக்கிப் பிடித்தவருக்கு

"அத்தை, எங்க தாத்தா பாஸா, பெயிலா?"

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு தையல்காரர் வீட்டில், அவருடைய ஏழு வயதுப் பேத்தி உங்களிடம் கேட்ட கேள்வி இது. முதியோரின் உடல்நலத்தையும் நினைவாற்றலையும் பணி ஓய்வையும் ஆராயும் நம் நிலையத்தில் எத்தனையோ அறிஞர்கள் எத்தனையோ கேள்விகளை எழுப்பியிருக்கிறார்கள். எதுவும் இந்த ஒரு கேள்வியைப் போல் உங்களை வாட்டியதில்லை.

தட்டிய கதவெல்லாம் தயங்காமல் திறக்கும் முகம் வாய்த்தவரே! பசித்த நேரத்திலும் பதறாமல் பேச்சுக் கேட்கும் பொறுமைக்கு உரியவரே! முதியோர் வாயில் 'வார்த்தைக்காரம்மா'வாகவும் எங்கள் வாயில் 'பத்து வார்த்தை அக்கா'வாகவும் இருபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து, இன்று பணி ஓய்வு பெறுபவரே! வணக்கம்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதே வீடுகளுக்குச் செல்வதும், அதே முதியவர்களிடம் பத்து எளிய வார்த்தைகளை ஒரே ஒருமுறை படித்துக் காட்டிச் சற்று நேரம் கழித்து எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்பதும் உங்கள் பணி. படிவத்தை நிரப்ப ஐம்பது நிமிடம் போதும். நீங்களோ இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து ஒரு வீட்டைவிட்டும் வெளியே வந்ததில்லை. "அக்கா உள்ள போனா நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்து, வண்டியத் துடைச்சு, இன்னொரு தூக்கமும் போடலாம்" என்பார் நம் ஓட்டுநர். அன்று முழுதும் பேச ஆளில்லாமல் இருந்த ஒருவர் பேசத் தொடங்கியபின் நடுவில் எழுந்து வருவது இறைவனுக்கு அடுக்காது என்று நீங்கள் அவருக்குச் சொன்ன பதிலை அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இத்தனை பெருமைக்கு உரிய நீங்கள் ஒரு தவறும் செய்தீர்கள். பாராட்டு மடலில் தவறைச் சொல்வது முறையா என்று எங்களுக்குள் வழக்கு நடந்தது. சொல்லாவிட்டால் உங்களை அறியாதவர்களாவோம் என்பதால் சொல்கிறோம்.

அந்தத் தையல்காரர் முந்தைய சுற்றில் ஏழு வார்த்தை சொன்னவர். அன்று இரண்டுதான் சொன்னார். பட்டியலில் 'பொத்தான்' என்ற வார்த்தை இருந்தது; அதையும் அவர் சொல்லவில்லை. விதிப்படி நீங்கள் இரண்டு என்று எழுதினீர்கள். பேத்தியின் கேள்விக்கு, "இது பரீட்சை இல்ல கண்ணு" என்றீர்கள். ஆனால் அவள் தாளை எட்டிப் பார்த்துவிட்டாள். "அம்மா, தாத்தாவுக்குப் பத்துக்கு ரெண்டு" என்று அடுக்களை வரைக்கும் கேட்கக் கத்தினாள்.

அடுத்த சுற்றுக்குப் போனபோது, தையல் இயந்திரத்தின் மேல் போர்வை கிடந்தது. போர்வைக்கு மேல் துவைத்த துணிகள் குவிந்திருந்தன. "அப்பாவுக்கு ஞாபகம் போயிடுச்சுங்க. கத்தரிக்கோல எடுத்து ஒளிச்சு வெச்சிட்டேன். கையக் கிய்ய வெட்டிக்கிட்டா யார் பாக்குறது?" என்றார் மகள். அன்பினால்தான் செய்தார். தையல்காரர் ஒரு மூலையில் நாற்காலியில், வேலையில்லாத இரு கைகளையும் மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் படிக்கத் தொடங்கினீர்கள். அப்போதுதான் அவர் கண்கள் உங்கள் உதடுகளைத் தேடுவதைக் கண்டீர்கள். பட்டியல் எதிரில் இருப்பவர் கண்ணில் படக்கூடாது என்பது நம் விதி. அதற்காக நாம் எல்லோரும் காகிதத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் படிப்போம். காது மந்தமாகிப்போன அந்த மனிதர், தாமே அறியாமல், உதடு பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டிருந்தார். நம் காகிதம் அந்த உதட்டை மறைத்தது. கேளாத வார்த்தையை எவரால் நினைவில் வைக்க முடியும்?

காகிதத்தை மார்பளவுக்கு இறக்கி, எழுத்துப் பக்கம் உங்களை நோக்கி இருக்கப் பிடித்து, முகம் காட்டிப் படித்தீர்கள். ஆறு வார்த்தை சொன்னார். பொத்தானைத்தான் முதலில் சொன்னார்.

"தப்பு உங்க அப்பா மேல இல்லம்மா. எம்மேலதான்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, மறுநாளே அவரைக் காது மருத்துவரிடம் நீங்களே அழைத்துப் போனீர்கள். அடுத்த வாரம் இயந்திரத்தின் மேலிருந்த போர்வை இறங்கியது.

அலுவலகக் கூட்டத்தில் எழுந்து நின்று இதை நீங்கள் சொன்னபோது, நம் புள்ளிவிவரக்காரர் ஆறுதலாகத்தான் பேசினார்: "ஆயிரக்கணக்கான பேர்ல ஒருத்தர்தான், அக்கா. சராசரி அசையாது, விடுங்க."

"சராசரி அசையாது தம்பி. அந்த வீடு அசைஞ்சிடுச்சே" என்றீர்கள்.

அந்த மாதமே கையேட்டில் இரண்டு வரி சேர்ந்தது: காது கேட்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், முகம் தெரியப் படிக்க வேண்டும். பின்னர் உங்கள் வற்புறுத்தலால் இன்னொரு கேள்வியும் சேர்ந்தது. ஓய்வு மனத்தை மங்கச் செய்கிறதா, மங்கிய மனம் ஓய்வைத் தேடுகிறதா என்று நாம் எந்நாளும் வாதாடுவோம். நீங்களோ, "வேலைய அவரா விட்டாரா, விட வெச்சாங்களான்னு முதல்ல கேளுங்கப்பா" என்றீர்கள். இன்று நம் படிவத்தின் நான்காம் பக்கத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. அதை எழுதியவர் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை.

அக்கா, இனி நீங்களும் நம் ஆய்வின் வயதுக்கு வந்துவிட்டீர்கள். உங்கள் கதவையும் எவரேனும் தட்டலாம். பத்துக்கு எத்தனை சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, உங்கள் எதிரில் உட்காருபவருக்கு உங்கள் பொறுமையில் ஒரு பங்கு இருக்கட்டும். உங்கள் கால்களுக்கு வலுவையும், கண்களுக்கு ஒளியையும், பேசுவதற்கு ஆளையும் எல்லாம் வல்லவன் குறைவின்றி அருளட்டும்.

முடிக்கும் முன் ஒன்று. முடிந்த சுற்றின் எண்களை மாற்றக்கூடாது என்பது விதி. ஆதலால் தையல்காரரின் அந்த 'இரண்டு' அப்படியே நின்றுவிட்டது என்று நீங்கள் வருந்துவதுண்டு. சென்ற வாரம், நீங்கள் சென்றுவந்த வீடுகளை அடுத்து வருபவரிடம் ஒப்படைக்கப் பழைய பதிவுகளை அச்செடுத்தோம். அந்த எண்ணுக்கு அருகே, குறிப்புக்கான இடத்தில், 'மறக்கவில்லை. கேட்கவில்லை' என்று இருந்தது. அவருக்கு மட்டுமா? காகிதம் முகத்தை மறைத்த அந்தச் சுற்றுகளில் திடீரென்று எண் சரிந்து, பிறகு நிமிர்ந்த நாற்பத்துமூன்று பேரையும் தனித்தனியாகத் தேடி, ஒவ்வொருவருக்கும் எதிரே ஐயக்குறியோடு ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. இதைச் செய்யும்படி எவரும் சொல்லவில்லை. செய்ததாகவும் எவரும் சொல்லவில்லை. குறிப்புகள் எல்லாம் நாங்கள் உணவுக்கு எழுந்துபோகும் நேரத்தில் பதிவாகியிருக்கின்றன.

அந்தப் பதிவைத் திறக்கும் கடவுச்சொல் இந்த அலுவலகத்தில் புள்ளிவிவரக்காரர் ஒருவரிடம்தான் உண்டு. நாங்கள் அவரிடம் கேட்கவில்லை.

என்றும் உங்கள் அன்பில்,
உடன் நடந்தவர்களும், உங்களுக்காக வண்டியில் காத்திருந்தவரும்