ரெண்டு பொங்கலும் ஒரு கையெழுத்தும்

உட்காரு கண்ணு, வடை ஆறிடும். மெதுவாப் பேசு, மாடியில நஞ்சுண்டன் அங்கிள் படுத்திருக்கார். காலையில இருந்து நெஞ்சைக் கரிக்குதுங்கறார். கேஸாத்தான் இருக்கும், ஓமத்தண்ணி வெச்சுக் குடுத்திருக்கேன். ரெண்டு மணிக்கு ஜெனரல் பாடி மீட்டிங், அதுக்குள்ள நீ இந்த ஃபார்ம்ல கையெழுத்துப் போடணும்.

உங்கப்பாவுக்கு எத்தனை மணிக்கு வலி வந்துச்சு, நான் எப்ப ஆம்புலன்ஸுக்கு 911 கூப்பிட்டேன்னு கேட்டே. இருபத்தொரு வயசாச்சு, கேட்கலாம், தப்பில்லை. ஒளிக்காம சொல்றேன்.

ஒன்பதாவது படிக்கறப்ப நீ ஒரு ஜெர்மன் சீமாட்டியைப் பத்தி ப்ராஜெக்ட் பண்ணினே. எண்ணூறு வருஷத்துக்கு முந்தினவ. புருஷன் போனதும் பையன் பெரியவனாகற வரைக்கும் அவதான் நாட்டை ஆண்டா. எதிரியையே கட்டிக்கிட்டு சண்டையை நிறுத்தினா. எனக்கு அவளை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. கடைசியில மகனே அவளை ஒரு மடத்துல வெச்சுப் பூட்டிட்டான்னு ஓரத்துல எழுதியிருந்தே. அந்த ஓரத்தைக் கத்திரிச்சது நான்தான். உனக்கு மார்க் குறைஞ்சது அதனாலதான், சாரி.

நம்ம தமிழ்ச் சங்கத்தை உங்கப்பா எடிசன் டவுனுக்கு வந்த புதுசுல இந்த வீட்டு பேஸ்மெண்ட்ல ஆரம்பிச்சார். ஸ்தாபகர் குடும்பத்துக்கு நிரந்தரமா ஒரு ட்ரஸ்டி சீட், அவருக்கப்புறம் பிள்ளைக்கு, பிள்ளைக்கு இருபத்தொண்ணு ஆகற வரைக்கும் தாய்க்குன்னு பை-லாவுல டைப் பண்ணினது நான். உங்கப்பா சேனாபதி படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அருமையான மனுஷன். ஒரே கோளாறு, யாராவது சத்தம் போட்டா விட்டுக்குடுத்துடுவார். கமிட்டியில ஜம்புநாதன் அங்கிள் சத்தம் போட்டார், குடும்பத்துக்கு எதுக்கு சீட்டு, எடுத்துடலாம்னு. இவரும் சரின்னுட்டார். அவர் போன அன்னைக்குத்தான் அதுக்கு ஓட்டெடுப்பு.

பதினொரு மணிக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டுச்சு. இடது கை வலிக்குதுன்னார். ஓமத்தண்ணி குடுத்தேன். "911 கூப்பிடு கலா"ன்னார். கூப்பிடறேங்க, மொதல்ல உங்க ஓட்டை நான் போட இந்தப் புராக்ஸி ஃபார்ம்ல கையெழுத்துப் போடுங்கன்னேன். என்னைக்கும் எதுக்கும் மறுத்துப் பேசாத மனுஷன், அன்னைக்குன்னு பாத்து ஒண்ணரை மணி வரைக்கும் பிடிவாதம் பிடிச்சார். அப்புறம் போட்டார். மீட்டிங் ஆளுங்க போன் பண்ணித் தொந்தரவு பண்ணுவாங்கன்னு அவர் போனை என் ஹேண்ட்பேக்ல போட்டுக்கிட்டேன். நீ உன் ஃப்ரெண்டு மாதவ் வீட்டு பர்த்டே பார்ட்டியில இருந்தே. ரெண்டு மணி மீட்டிங்குக்குப் போனேன், ஒரே ஓட்டுல ஜெயிச்சோம். திரும்பி வர்றப்ப ஸ்பீடிங் கூடப் பண்ணலை, ஸ்டாப் சைன்ல எல்லாம் நின்னு நிதானமா வந்தேன். 911 கூப்பிட்டப்ப மணி மூணரை.

அழாதே கண்ணு. அவரோட கடைசி ஓட்டு வீண் போகலை.

அதுக்கப்புறம் ஜம்புநாதன் கட்சியில இருந்த நஞ்சுண்டன் அங்கிள் தோத்த கோவத்துல போய் தனிச் சங்கம் ஆரம்பிச்சார். ஒரே சனிக்கிழமை, ரெண்டு ஸ்கூல் ஆடிட்டோரியம், ரெண்டு பொங்கல் விழா. ஜனங்க இங்க பொங்கலைச் சாப்பிட்டுட்டு அங்க கரகாட்டம் பாக்கப் போனாங்க. கேவலமா இருந்துச்சு. அவரைக் கட்டிக்கிட்டேன், ஒரே பொங்கலாச்சு. நீ மூணு மாசம் என்கிட்டப் பேசலை. ஆனா பார்சிப்பனியில இருந்தெல்லாம் கூட்டம் வந்துச்சே.

பன்னெண்டு வருஷம் உன் சீட்டைக் கட்டிக் காத்தேன். நீ என்னடான்னா, "மாம், ஐ டோன்ட் ஈவன் வான்ட் இட். லெட் தெம் வோட்"ங்கறே. அங்கிளும் நேத்து ராத்திரி, சீட்டை ஓட்டுக்கு விட்டுடலாம்னு உன் கட்சி பேசினார். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை மடத்துல வெச்சுப் பூட்டலாம்னு பாக்கறீங்க. எனக்கு வயித்தெரிச்சலா இருக்காதா, சொல்லு?

இந்த ஃபார்ம்ல பெரிசா ஒண்ணுமில்லை. உன் சீட்டை ஆயுசு முழுக்க அம்மாவே பாத்துக்கட்டும்னு எழுதியிருக்கு.

எதுக்கு மாடிப்படியையே பாக்கறே? அங்கிள் போன் என் பேக்லதான் இருக்கு, யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. இடது கை வலிக்குதுன்னுதான் சொன்னார். வலது கைல கையெழுத்து நல்லாத்தான் வந்துச்சு.

எந்திரிக்காதே, உட்காரு. போனைக் கீழ வை கண்ணு. அவர் தன் புராக்ஸியில போட்டாச்சு, உன்னோடதுதான் பாக்கி. நான் என்னைக்காவது எனக்குன்னு எதையாவது கேட்டிருக்கேனா?