மினுக்கிய காசுகள்

வெள்ளிக் காசு வைத்திருப்பவர்கள் அறையில் முட்டை அவிக்கக் கூடாது. அந்த ஆவி பட்டால் வெள்ளி கறுத்துவிடும். அது அசிங்கமான கறுப்பு. நான் விரும்பியது வேறு. அறுபது, எழுபது வருடம் மரப்பெட்டிக்குள் யாரும் தொடாமல் கிடந்த காசில் தானாகவே ஒரு நிறம் ஏறும். நடுவில் தேன் நிறம், விளிம்பில் மயில் நீலம். அதை நாம் செய்ய முடியாது. காத்திருக்கத்தான் முடியும்.

1985இல் நான் சுவிட்சர்லாந்தின் சோலோதுர்ன் நகரில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சந்தையில் பழைய சாமான் விற்கும் கிழவரிடம் அப்படிப்பட்ட பிராங் காசுகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தேன். விளிம்பில் மட்டும்தான் பிடிப்பேன். தனித்தனிக் கடதாசி உறையில் போட்டு, குசினியின் சமையல் ஆவி படாத அலமாரித் தட்டில் வைப்பேன். ஊரையும் உறவையும் விட்டு வந்த எனக்கு என்னுடையது என்று சொல்ல அவைதான் இருந்தன.

என் அறையில் குகதாசனும் இருந்தான். என்னைவிட இளையவன். யாழ்ப்பாணத்தில் மனைவி மனோகரியை விட்டுவிட்டு வந்து அகதி விண்ணப்பம் போட்டிருந்தான். நல்ல பிள்ளை, அதைச் சொல்லாமல் மேலே சொல்வது நியாயமில்லை. முட்டை அவிக்காதே என்றேன். அவிக்கவில்லை.

அடுத்த தைப்பொங்கலன்று வேலை முடிந்து வந்தேன். மேசையில் வெள்ளைத் துணி விரித்து என் காசுகளையெல்லாம் அடுக்கி வைத்திருந்தான். கடையில் இன்று வாங்கிய கரண்டிகள் போல அவை பளபளத்தன.

"அண்ணை, எல்லாம் கறுத்துப்போய்க் கிடந்தது. திருநீறு போட்டு மினுக்கி வைச்சிருக்கிறன். நல்லநாளெல்லே?"

"நல்லாயிருக்கடா" என்று சிரித்தேன். வெள்ளிச் செம்பை நம் வீடுகளில் அப்படித்தானே துலக்குவோம். அவன்மேல் என்ன பிழை என்று எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஆனால் அன்றிலிருந்து அவன் முகத்தைப் பார்க்கவே எனக்கு அருவருத்தது.

மார்ச் மாதம் அவனுக்கு அகதி விசாரணை வந்தது. எனக்கு ஜெர்மன் ஓரளவு வரும். வேறு ஆள் கிடைக்காததால் மொழிபெயர்க்க என்னையே கூப்பிட்டார்கள். இராணுவ முகாமில் தன்னைத் தலைகீழாகக் கட்டித் தூக்கி உள்ளங்காலில் அடித்ததை அவன் சொன்னான். தழும்பைக் காட்டச் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தான்.

"கழட்டத் தேவையில்லை. நான் சொல்லுறன்" என்றேன்.

காலில் என்ன என்று அதிகாரி கேட்டார். குளிருக்கு நோகிறதாம் என்றேன். முகாமில் பெயரை விசாரித்துவிட்டு அன்றே விட்டுவிட்டார்களாம் என்றேன். இங்கே நல்ல வேலை கிடைக்கும் என்று வந்தானாம் என்றேன். அவன் கதையில் கறுத்துக் கிடந்த இடங்களையெல்லாம் துடைத்து மினுக்கிக் கொடுத்தேன்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. திருப்பி அனுப்பினார்கள். கொழும்பு விமான நிலையத்திலேயே இராணுவம் அவனைக் கூட்டிப் போனதாம். பிறகு அவனைக் கண்டவர் யாரும் இல்லை.

மனோகரி ஒருமுறை தொலைபேசியில் கதைத்தாள். "அண்ணை, நீங்கள் தனக்காக எவ்வளவு கதைச்சனீங்கள் எண்டு அவர் சொன்னவர். உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்." அதற்கும் நான் ஓம் என்றுதான் சொன்னேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

காசுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. விளிம்பில் மெல்லிய மஞ்சள் மறுபடியும் ஏறத் தொடங்கியிருக்கிறது.

ஒரு கண ஆத்திரத்தில் வாய் தவறிவிட்டது என்றுதான் இதுவரை என்னைத் தேற்றிவந்தேன். ஆத்திரம் யாருக்குத்தான் வராது? ஆனால் விசாரணை முடிந்ததும், அதிகாரி ஜெர்மனில் எழுதியதை நான் அவனுக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். சரியென்றால் அவன் கையெழுத்திட வேண்டும். அதுதான் முறை. அதற்கு முன் இடைவேளை விட்டார்கள். குகதாசன் தன் காசில் எனக்கு ஒரு கோப்பி வாங்கித் தந்தான். அவசரப்படாமல் ஆறுதலாகக் குடித்தேன். ஆத்திரமெல்லாம் அடங்கிவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்து, தாளைப் பார்த்தபடி, அதில் இல்லாத முகாம் அடியையும் உள்ளங்கால் தழும்பையும் ஒன்றுவிடாமல் தமிழில் வாசித்தேன்.

"எல்லாம் எழுதிக் கிடக்கோ அண்ணை?"

"ஓம், எல்லாம் கிடக்கு. கையெழுத்தைப் போடு."